அல்பத்தின் முதல் பாட்டில் என் குரல்

நெடுந்தீவு கிழக்கு
பங்குனி 24

அன்பான பிள்ளை கம்சாயினிக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம், மாடுகளும் சுகம், நோர்வேக் குளிருக்குள் நீயும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேணும் என்று பிள்ளையாரைக் கும்பிட்டுக்கொண்டு தொடங்குகிறேன். தை மாதம் தொண்டையில் ஒப்பறேசன் செய்த பிறகு என் வாயால் வருவது காற்று மட்டும்தான் என்று உனக்குத் தெரியும். போனில் நான் ஊதுவதும் நீ அங்கே இருந்து என்னப்பா, என்னப்பா என்று கத்துவதுமாக அது ஒரு கதையா, அதுதான் தாளில் எழுதுகிறேன். அம்மா இதைப் படம் பிடித்து இன்றைக்கே அனுப்புவா, தாள் ஆறுதலாகத் தபாலில் வரட்டும். அல்பம் வருகிற கிழமை வெளிவருகிறது, அதற்கு முன்னம் முதல் பாட்டில் இருக்கிற உங்கள் குரலை வைக்கிறதா எடுக்கிறதா என்று சொல்லுங்கோ அப்பா என்று கேட்டிருந்தாய். பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது. ஆனால் சின்ன வயதில் கதைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பது போல இப்போதும் பார்க்காதே, வரிசையாக வா.

மாசியில் நீ எட்டுப் பாட்டையும் அனுப்பினபோது நான் ஆசையோடுதான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தேன். முதல் பாட்டுத் தொடங்க முன்னம் என் குரல் வந்தது. போன ஆவணியில் நீ வந்து நின்றபோது பின்னேரம் மாடுகளைத் தண்ணிக்குக் கூப்பிட்டேனே, அதே கூப்பிடு, ஓ வாம்மா வா என்று நெஞ்சு நிறைய. அதற்கு மேலே கிற்றார் வந்து விழுந்தது. நான் எழும்பி வெளியே போய்விட்டேன். அம்மா பின்னால் வந்து, ஏனப்பா, பிள்ளை எவ்வளவு கஷ்டப்பட்டுச் செய்தது, இருந்து கேட்டால் என்ன என்று ஏசினா. ஏலாது என்று கையைக் காட்டிவிட்டேன். பிள்ளை, எனக்குச் சரியான கோபம். என்னைக் கேட்காமல் என் குரலைப் பதிவு செய்தாய் என்பது ஒன்று. மற்றது, செத்த ஆளின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைத்த மாதிரி இருந்தது. நான் இங்கே உயிரோடு கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறேன், என் குரல் மட்டும் செத்துப்போய் உன் பாட்டுக்குள் கிடக்கிறது என்று நினைத்தேன். உனக்கு ஒரு மாதமாக நான் மறுமொழி சொல்லாததற்குக் காரணம் இதுதான். பதிலுக்காக நீ எவ்வளவு தவித்திருப்பாய் என்று இப்போது நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இனிப் போன செவ்வாய்க்கிழமை நடந்த கூத்தைக் கேள். வெளியில் கிடந்த மழைத் தண்ணி முழுக்க வற்றிவிட்டது, மாடுகள் இப்போது எங்கள் தொட்டியை நம்பித்தான் இருக்கின்றன, ஆனால் கூப்பிட ஆள் இல்லை. அம்மாவின் குரலுக்குக் கோழிதான் வருகிறது. நான் வாளியைத் தட்டிப் பார்த்தேன், அதற்கும் வரவில்லை, தடியையும் ஊன்றிக்கொண்டு மேற்குப் பக்க வெளியெல்லாம் நடந்து ஒவ்வொன்றாக வீட்டுப் பக்கம் சாய்த்துக்கொண்டு வருகிறேன். அன்றைக்குப் பகல் பதினொரு மணியிருக்கும், நான் வேலி பார்க்கப் போன நேரம் பார்த்து அம்மா நீ விட்டுவிட்டுப் போன பாட்டுப் பெட்டியைக் குசினி யன்னலில் வைத்து, இந்த மனுசன் இனித் தப்பி எங்கே ஓடுது பாப்பம் என்று முழுச் சத்தத்தில் போட்டுவிட்டா. போட்டதுதான் தாமதம், வெளிப் பக்கம் தூசி கிளம்பியது. பதினான்கில் பதினொன்று ஓடிவந்து தொட்டியைச் சுற்றி நிற்கின்றன. தொட்டியிலோ சொட்டுத் தண்ணி இல்லை. இந்தத் தீவில் தண்ணி இல்லாத தொட்டிக்கு மாட்டை ஒருத்தரும் கூப்பிடுவதில்லை என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, ஒருதரம் ஏமாந்த மாடு பிறகு அந்தக் குரலை மதிக்காது. இருபத்தெட்டு வருசமாக இந்த வீட்டில் மாடு பார்க்கிற மனுசிக்கு உன்னுடைய பாட்டுக் கேட்கிற அவசரத்தில் அது மறந்துபோய்விட்டது.

அதற்குள் பக்கத்து வீட்டு அரியநாயகம் அண்ணை கல்வேலியை ஏறிப் பாய்ந்துகொண்டு வந்தார், இந்த வயதில். மயில்வாகனம், உனக்குக் குரல் வந்திட்டுதோ, ஐயோ கடவுளே வந்திட்டுதோ என்று கேட்டபடி வந்தவர், யன்னலில் இருந்த பெட்டியைக் கண்டதும் அப்படியே கல்லில் குந்திவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு பிறகு எழும்பி, சரி கிணத்தில தண்ணி அள்ளுவம், பாவங்கள் நிக்குதுகள் என்றார். பாரம் தூக்கக் கூடாது என்று டொக்டர் சொன்னதால் அவரும் அம்மாவும் அள்ள, நான் அரை வாளி அரை வாளியாக வாங்கித் தொட்டிக்குள் ஊற்ற, பெட்டியை நிறுத்த ஒருத்தருக்கும் கை இல்லை. அப்படித்தான் பிள்ளை, உன்னுடைய அல்பம் முழுவதையும் முதல்தரம் கேட்டேன், தண்ணி ஊற்றிக்கொண்டு, பதினொரு மாட்டுக்கு நடுவில் நின்று.

நல்லாயிருக்கு. எட்டும் நல்லாயிருக்கு. இதை நான் உனக்கு ஒருநாளும் வாய் திறந்து சொன்னதில்லை, வாய் இருந்த காலத்திலும் சொன்னதில்லை. பன்னிரண்டு வயதில் நீ கிற்றார் கேட்டபோது படிக்கிற வழியைப் பார் என்று விரட்டினவன் நான்தான். மூன்றாம் பாட்டில் அந்த ட்ரம்ஸ் அடிக்கிற பெடியன், பஸ் ஓடுகிறார் என்றாயே, ரஜீபன், அவருக்கு மெதுவாக அடிக்கத் தெரியாதோ என்று மட்டும் கேட்டுச் சொல். ஆனால் மாடு ஒன்றும் வெருளவில்லை, அதையும் அவருக்குச் சொல். ஆவணியில் நீ பதிவுக்குள் சோளகக் காற்றின் இரைச்சல் விழும் என்று பயந்து அம்மாவின் அலுமாரிக்குள் சீலைகளுக்கு நடுவில் ஏறி இருந்து, ஒரே வரியை வியர்க்க வியர்க்கப் பத்தொன்பது தரம் பாடினபோது, இந்தப் பிள்ளைக்கு விசரோ என்று நான் சொன்னேன். ஒரு சொல்லுப் பொய்யாய்க் கேக்குது அப்பா, அது உண்மையாய் வரும் மட்டும் பாடத்தான் வேணும் என்றாய். அது நாலாம் பாட்டு என்று செவ்வாய்க்கிழமைதான் பிடிபட்டது. வேறு ஆட்களின் அப்பாமாரைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டி என் அப்பாவின் கை எப்படியிருக்கும் என்று மறந்துபோனேன் என்று பாடுகிறாய். முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, பனிக்குள் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு பாட்டுப் பழகுகிற அந்த நிலக்கீழ் அறைக்குப் போய், இரண்டு வருசமாக நீ இதைத்தான் செய்திருக்கிறாய். வாளியை வைத்துவிட்டு நான் அழுதேன் பிள்ளை. அரியநாயகம் அண்ணை மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். பத்தொன்பது தரம் பாடினது பிழையில்லை, அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

செவ்வாய்க்கிழமை தொடக்கம் பின்னேரம் ஐந்து மணிக்குத் தொட்டியை நிரப்பிவிட்டு அம்மா முதல் பாட்டைப் போடுகிறா, மாடுகள் வருகின்றன. அதனால் குரல் செத்துவிட்டது என்ற என் எண்ணம் போய்விட்டது. வேலை செய்கிற குரலைச் செத்தது என்று எப்படிச் சொல்லுவது? ஆனால் ஒவ்வொரு நாளும் கேட்கக் கேட்க ஏதோ ஒன்று குறைகிறது போலவே இருந்தது. நேற்றுத்தான் கண்டுபிடித்தேன். ஆவணியில் நான் கூப்பிட்ட அன்றைக்கு நீ தொட்டியடியில் நின்றாய். மாடு வந்ததும், வந்திட்டுதுகள் அப்பா, காணும், இனி நிப்பாட்டுங்கோ என்றாய், அதற்குப் பிறகுதான் நான் நிறுத்தினேன். உன்னுடைய பாட்டில் அது இல்லை. வெட்டிவிட்டாய். அதனால் கேட்கிறவனுக்கு ஒரு மனுசன் கூப்பிட்டுக்கொண்டே நிற்கிறான், ஒன்றும் வரவில்லை, ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. மாசியில் எனக்குக் கோபம் வந்ததற்கு உள்காரணமும் அதுவாகத்தான் இருக்க வேணும்.

ஆகவே குரலை எடுக்காதே, வை. ஆனால் வெட்டினதைத் திரும்பச் சேர்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலையை மூடாமல் பனிக்குள் இறங்காதே, பாடுகிற தொண்டையைக் கவனி, அதன் அருமை என்னிடம் கேள். அம்மாவின் அன்பும் என் ஆசீர்வாதமும் உனக்கும் உன்னோடு சேர்ந்து வாசித்த எல்லாப் பிள்ளைகளுக்கும். அல்பத்தின் மட்டையில் பெயர்கள் போடும்போது, குரல், மயில்வாகனம், நெடுந்தீவு என்று போடு. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று எழுதத் தேவையில்லை, பாட்டுக்குள் நீ பதில் சொன்னால் கேட்கிற ஆட்களுக்கு விளங்கும்.

உன்னை நினைத்துப் பெருமைப்படும்
அப்பா
க. மயில்வாகனம்