ஆர்த்திகாவுக்கு நான் போட்ட மார்க்

கே.கே. நகர்,
மதுரை.

அன்புள்ள பாண்டிமீனாவுக்கு,

ஸ்யாமளா எழுதுகிறேன். மஸ்கட்டில் நீயும் அண்ணனும் சுகமா? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. போனில் பேசினால் நீ அழுவாய், நான் இளகி மார்க்கை மாற்றிவிடுவேன். அதனால்தான் கடிதம். தபாலுக்குக் காத்திராமல் படமெடுத்து இன்றே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

உன் மகள் ஆர்த்திகாவுக்கு என் பிசியோதெரபி கிளினிக்கில் இறுதியாண்டுப் பயிற்சி இன்றோடு முடிந்தது. அவளுக்கு ஃபெயில் போட்டிருக்கிறேன்.

என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு மீதியைப் படி. பெண் கெட்டிக்காரிதான், வருகிறவர்களுக்கெல்லாம் செல்லப்பிள்ளை. கப்பலூர் கம்பெனியில் வேலை பார்த்த மலையாண்டி என்பவர், பக்கவாதத்தில் இடது கையும் காலும் விளங்காமல் வந்தார். அவராக எழும்வரை கைகட்டி நில் என்று எத்தனையோ தடவை இவளிடம் சொன்னேன். தலையாட்டுவாள். நான் அந்தப் பக்கம் திரும்பியதும், “நீங்க சிரமப்படாதீங்க மாமா” என்று இவளே தூக்கி நிறுத்துவாள். பெரியவரை அதட்ட அவளுக்குக் கூச்சம்.

அவர் நிற்பதைப் பார்த்து மனைவி சோலையம்மாள் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார். இவளும் பூரித்துப்போய், இனி பாத்ரூமுக்கு மாமா தனியாகவே போகலாம் என்று சொல்லிவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன வாரம் பழங்காநத்தம் வீட்டில் தனியாகப் போனவர் விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பார்க்கப் போனேன். “அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லிராதீக டாக்டரம்மா, அம்புட்டுப் பாசமாப் பாத்துச்சு” என்கிறார் சோலையம்மாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

கல்லூரியில் பாண்டியராஜன் சார், எல்லோருக்கும் போடுகிற எழுபதைப் போட்டு அனுப்புங்க மேடம், எதுக்கு வம்பு என்றார். நீயும் போன மாதம், பார்த்துப் போடுடி என்று சிரித்தாய். பார்த்துத்தான் போட்டேன். நாளை இவளை நம்பி இன்னொரு வீட்டில் ஒருவர் எழுந்து நிற்பாரே, அதை நினைத்தால் பேனா நகரவில்லை. மறுபடி என்னிடமே பயிற்சிக்கு வரட்டும். நான் சொல்லித் தருகிறேன்.

ஃபெயில் என்று சொன்னதும் வெள்ளைக் கோட்டை மடித்து வைத்துவிட்டுப் போனாள். உனக்குத்தான் முதலில் போன் செய்வாள். கல்லூரியில் யாரிடமும் பேசாதே, டிக்கெட் போட்டு ஓடி வராதே. அவள் அழுது முடிக்கும்வரை போனை வைக்காமல் இரு, அது போதும். நீயும் இந்தத் தொழில்தானே மீனா, உனக்குத் தெரியாதா? தூக்கிவிடாதே. அவளாக எழுந்திருக்கட்டும்.

பிள்ளை நன்றாக வருவாள். கோபம் தீர்ந்த பிறகு எனக்கும் ஒரு போன் செய்.

உன்
ஸ்யாமளா