அரை கிளட்ச்

இல்லை, கிளட்ச் இல்லை. பிரேக்.

பக்கத்து இருக்கைப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டதற்கு அப்படித்தான் சொன்னேன். பெங்களூர்ப் பேருந்து மொகிலிச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு சுமை லாரி. சன்னல் வழியே கருகல் வாடை. பிரேக் காய்ந்தால் இரும்பு வாடை. கிளட்ச் எரிந்தால் பழைய நோட்டுப் புத்தகத்தைக் கொளுத்தியது போல இருக்கும். தொண்டையில் நிற்கும்.

"நீங்க மெக்கானிக்கா?"

"இல்லீங்க. எங்க அண்ணி கார் ஓட்டுவாங்க."

ஓட்டுவாங்க. வாய் அப்படித்தான் சொன்னது. உன் முதல் வருஷத் திதிக்குப் போய்க்கொண்டிருந்தேன், அண்ணி.

அந்தக் கார் வாங்க முடிவானபோது அதை யார் ஓட்டுவது என்று யாரும் உன்னைக் கேட்கவில்லை. அண்ணன் குவைத்தில் ஒரு வீட்டில் டிரைவர். கார் அவன் பெயரில். குடிபாலாவிலிருந்து ஓர் ஆளை வைத்து ஓட்டலாம் என்று நைனா சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் நீ தினமும் சித்தூருக்குப் பஸ் ஏறிப் போய், டிரைவிங் ஸ்கூலில் கற்று, லைசென்ஸும் வாங்கி, பீரோவில் புடவைக்கடியில் வைத்திருந்தாய். எனக்குக்கூடச் சொல்லவில்லை. ஆள் பார்க்கப் போகிறேன் என்று நைனா சட்டை மாட்டிய அன்றுதான் வெளியே எடுத்தாய்.

"உங்க புள்ள அங்க யாரு வண்டியவோ ஓட்டிக்கினு கீறாரு. இங்க நம்ம வண்டிய யாரோ வந்து ஓட்டணுமா மாமா?"

நைனா சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். அண்ணன் போனில் சொன்னான்: "ஓட்டட்டும். ஆனா ஒரு கம்ப்ளெய்ண்ட் வந்துச்சு, அன்னிக்கே வித்துடுவேன்."

ஏழு வாரம் ஒரு தொல்லையும் இல்லாமல் ஓட்டினாய். அம்மாவை வேலூருக்கு, கண் காட்ட. என்னைத் திருப்பதிக்கு, ஹாஸ்டலில் விட. ஒருமுறை யாரையும் ஏற்றாமல் பலமநேர் வரைக்கும். எதற்குப் போனாய் என்று அம்மா கேட்டாள். டீ குடிக்க என்றாய்.

"டீ இங்க இல்லியா?"

"அங்க டீ வேற மாரி கீது அத்தே."

நான் அப்போது எம்.ஏ. முதல் வருஷம். விடுதலை என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் பென்சிலால் அடிக்கோடிட்டுக்கொண்டிருந்தேன். நீ பலமநேர் போய் டீ குடித்துவிட்டு வந்தாய்.

பாகாலா தாண்டி ஒரு மேடு. ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை முடிந்து என்னை ஹாஸ்டலில் விட வந்துகொண்டிருந்தாய். அங்கேதான் நின்றது. எஞ்சின் கத்தியது, சக்கரம் நகரவில்லை. அந்த வாடை. நீ இறங்கினாய். பானெட்டைத் திறந்து பார்த்தாய். மூடினாய். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாய், காய்ச்சல் கண்ட குழந்தையைச் சுற்றி நடப்பது போல. புத்தம் புது வண்டி. கண்ணாடியில் திருப்பதி மலைக்குப் போய்ப் பூஜை போட்ட குங்குமம் இன்னும் இருந்தது.

ஷோரூமிலிருந்து இழுவை வண்டி வந்தது.

ரேணிகுண்டா ரோட்டில் அந்தக் கண்ணாடிக் கட்டடம். உள்ளே குளிர். கார் வாங்கியவர்கள் மலைமேல் புதுக் காரோடு நிற்கும் படங்கள் சுவர் முழுவதும். கழுத்துப்பட்டை கட்டிய சர்வீஸ் ஆள் தாள் செருகிய அட்டையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கேட்டான்.

"வண்டி ஓட்டினது யாரு மேடம்?"

"நான்தான்" என்றாய் நீ.

"ஓனர்?"

"எங்க வீட்டுக்காரரு. குவைத்துல கீறாரு."

"சரி, டிரைவர் யாரு?"

"இப்பதான சொன்னேன் தம்பி. எத்தினி வாட்டி சொல்லணும்?"

மலைப்பாதையில் ஓட்டியதுண்டா என்று கேட்டான். உனக்குப் பெருமை தாங்கவில்லை. "ஒம்பதாம் நாளே ஏத்திட்டேன். மொதல்ல மலைக்கு ஏத்துங்கம்மான்னு சாவி குடுத்தப்பவே உங்க ஆளுதான் சொன்னாரு." அவன் எழுதினான். ஆங்கிலத்தில் ஒன்றரை வரி. நீ அட்டையை என் பக்கம் தள்ளினாய். "பாப்பா, நீ படிச்சவ. பாத்து கையெழுத்து போடு." தாகம் என்று தண்ணீர் பிடிக்கப் போனாய்.

நான் கையெழுத்துப் போட்டேன்.

அதன்பின் இரண்டு முறை சித்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தாய். கிளட்ச் தேய்கிற பொருள், அதற்கு வாரண்டி இல்லை என்றார்கள் முதல் முறை. அடுத்த முறை நானும் உன்னோடு இருந்தேன். மேலாளரின் அறைக்குப் போனோம். ஐம்பது வயது இருக்கும், நெற்றியில் நாமம், நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தார். திருப்பதியில் பாதிப் பேருக்குத் தமிழ் வரும். அவருக்கும் வந்தது.

"சூடம்மா, பாரும்மா, லேடீஸ் ஓட்டினா இப்படித்தான் ஆகும். கிளட்ச் பெடல பாதி அமுக்கிக்கிட்டே மலை ஏறுவீங்க. அரை கிளட்ச். எரியும்தானே? உங்க ஆளே ஒத்துக்கிட்டு சைன் பண்ணியிருக்காங்க, பாருங்க."

தாளைத் திருப்பிக் காட்டினார். பெண் ஓட்டுநர், மலைப்பாதையில் அரை கிளட்ச், அதனால் எரிந்தது. கீழே என் கையெழுத்து. எனக்குப் பிடித்த மாதிரி வளைத்துப் போடுகிற கையெழுத்து.

நீ என்னைப் பார்த்தாய்.

"படிக்காம போட்டுட்டேன் அண்ணி" என்றேன்.

"வுடு" என்றாய். அவ்வளவுதான். பிறகு அவர் பக்கம் திரும்பினாய். உன் குரல் ஏறவில்லை. கடையில் இன்னும் அரைக் கிலோ போடுங்கள் என்று கேட்கிற குரல்.

"வெளிய இதே மாரி வண்டி ஒண்ணு நிக்குதே சார், ஓட்டிப் பாக்கறதுக்கு. அந்த சாவிய எடுங்க. நீங்க எம்பக்கத்துல ஒக்காருங்க. மலைக்குப் போய்ட்டு வரலாம். எங்கனா ஒரு எடத்துல நான் அரை கிளட்ச்சுல ஓட்டனேன்னா சொல்லுங்க. அங்கியே நிறுத்திட்டு, இவ கையெழுத்துக்குக் கீழ நானும் போடறேன்."

மேலாளர் சிரித்தார். அறைக்கதவு திறந்திருந்தது. வெளியே ஒரு குடும்பம் புதுக் காருக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தது. அந்தக் குடும்பத்துப் பெரியவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். "வெள்ளண்டி சார், தர்சனமன்னா அவுதுந்தி" என்றார். போங்க சார், சாமி தரிசனமாவது ஆகும். அந்தக் குடும்பமே சிரித்தது. மேலாளருக்கு எழுந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மலையடிவாரத்து அலிபிரியில் சோதனை முடிந்ததும் நீ செருப்பைக் கழற்றி இருக்கைக்கடியில் தள்ளினாய். சாமி மலை என்பதாலா, ஓட்ட வசதி என்பதாலா, கேட்கவில்லை. நான் பின்னால் நடுவில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் இடது கால். மெட்டி. கியர் மாற்றும்போது மட்டும் பெடலுக்கு ஏறும். மாற்றியதும் தரைக்கு வந்துவிடும். ஏறும், இறங்கும். மேலாளர் வேறெதையும் பார்க்கவில்லை. மலை, காடு, வளைவு, எதையும். ஏழு மலை ஏறும் வரைக்கும் உன் பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மேலே ஒரு வளைவில் முன்னால் போன பேருந்து நின்றது. செங்குத்தான இடம். பின்னால் வரிசையாக வண்டிகள். எல்லோரும் கிளட்ச் பெடலில் தொங்குகிற இடம் அதுதான். நீ கைப்பிரேக்கை இழுத்தாய். கியரை விடுவித்தாய். இரண்டு காலையும் தரையில் வைத்தாய். ஆரஞ்சு மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, அவருக்கும் ஒன்று நீட்டினாய். பேருந்து நகர்ந்தபோது ஓர் அங்குலம் பின்னால் உருளாமல் கிளம்பினாய்.

"இது எவரு நேர்ப்பிஞ்சாரு? யாரும்மா கத்துக்குடுத்தது?"

"சித்தூர்ல ஒரு ஆட்டோக்காரரு. மொத வாரம் மேட்டுல பின்னால உருண்டு அவரு ஆட்டோவ இடிச்சிட்டேன். அம்மா அக்கான்னு அத்தினி திட்டு. திட்டிக்கினே சொல்லிக் குடுத்தாரு."

மேலாளர் முதல் முறையாக உன் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். மிட்டாயை அப்போதுதான் வாயில் போட்டுக்கொண்டார்.

மேலே கோபுரம் தெரிகிற இடத்தில் நிறுத்தி, "வந்தது வந்துட்டோம், ஒரு கும்பிடு போடுங்க சார்" என்றாய். இறங்கும் பாதையில் இரண்டாம் கியரிலேயே கொண்டுவந்தாய். ஷோரூம் வாசலில் மேலாளர் இறங்கி, வேட்டைநாய் போலக் குனிந்து வண்டிக்கடியில் முகர்ந்தார். உள்ளே போய் நம் வண்டியைப் பிரிக்கச் சொன்னார். வாடிக்கையாளர்கள் பணிமனைக்குள் வரக்கூடாது என்று எழுதிய பலகையைத் தாண்டி உன்னை அவரே கூட்டிப்போனார்.

கியர்பாக்ஸை இறக்கினார்கள். புத்தூர்க்கார மெக்கானிக் ஒருவர் கிளட்ச் தட்டை எடுத்து விரலால் வழித்தார். விரல் முழுக்க எண்ணெய்.

"ஓட்டி எரிஞ்ச பிளேட்டுன்னா காஞ்சு, இரும்பு நீலம் பாஞ்சி கெடக்கும் சார். இது ஊறிக்கினு கீது. எண்ணெய தடுக்கிற ஆயில் சீல் லீக்கு. கம்பெனி தப்பு. இதுல இந்தம்மா காலு இன்னா பண்ணும்?"

எல்லாம் வாரண்டியில் செய்து தருகிறோம், புதுத் தட்டும் சேர்த்து, மூன்று நாளில் வண்டி கிடைக்கும் என்றார் மேலாளர். நான் பையை எடுத்துக்கொண்டேன். நீ நகரவில்லை.

"அந்தப் பேப்பரு சார்."

"அதுதான் ஃப்ரீயா பண்றமேம்மா. அது எதுக்கு இப்ப?"

"வண்டிய நீங்க சரி பண்ணிடுவீங்க. அந்தப் பேப்பர்ல ரிப்பேராயி கீறது நானாச்சே."

அவர் தாளை வரவழைத்தார். ஒன்றரை வரியையும் அடித்தார். பக்கத்தில், ஆயில் சீல் கசிவு, ஓட்டுநர் தவறு ஏதுமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். நீ என்னிடம் நீட்டினாய். "இப்ப படி பாப்பா." சத்தமாகப் படித்தேன். தமிழில் ஒருமுறை சொல்லச் சொன்னாய். சொன்னேன். கழுத்துப்பட்டைப் பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எத்தனையோ பேரை மதிக்கப் படித்திருக்கிறேன். அந்தப் பணிமனையில், எண்ணெய்த் தரையில் வெறுங்காலோடு நின்ற உன்னை மதித்ததுபோல யாரையும் மதித்ததில்லை.

ஆனால் அண்ணி, அதற்குள் வேறொன்று குவைத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

வண்டி நின்ற அன்று மாலையே அம்மா ஹாஸ்டலுக்குப் போன் செய்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். அரை கிளட்ச்சில் ஓட்டினால் எரியுமாம் என்றேன். அம்மா அண்ணனிடம் சொன்னாள். வெள்ளிக்கிழமை அவன் உன்னோடு பேசினான். ஆயில் சீல் என்றாய், மலை ஏறியதைச் சொன்னாய், பேப்பர் இருக்கிறது என்றாய். "செலவு ஆவல இல்ல? சரி, ஓட்டிக்கோ. மெதுவா ஓட்டு" என்றான். மன்னித்துவிட்டான். செய்யாததற்கு.

அப்புறம் அது வீட்டுப் பேச்சாகிவிட்டது. யார் வந்தாலும் நைனா உன்னைக் காட்டிச் சொல்வார்: "ஏழு வாரத்துல கிளட்ச்ச துன்னவ எங்க மருமவ." நீ ஆயில் சீல் என்பாய். "ஆமாமா, ஆயில் சீலு" என்று இன்னும் பெரிதாகச் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய். எண்ணெய் ஊறிய தட்டைக் கண்ணால் பார்த்தவள் அந்த வீட்டில் உன்னைத் தவிர நான் ஒருத்திதான். நானும் சிரித்தேன். முதலில் யார் சொன்னது என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. வருபவர்களுக்குச் சோறு போட்டாய், சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனாய். காய்ச்சல் வந்து நீ படுத்த வாரம் வரைக்கும் அந்த வண்டியை வேறு யாரும் ஓட்டவில்லை.

உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. அந்தத் தாளைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். ஒன்றரை வரி. படிக்க எவ்வளவு நேரமாகும்? படித்தேன். நீதான் எரித்திருப்பாய் என்று நினைத்தேன். வீட்டில் உன்னைத் தடுக்க நினைத்தவர்களை எதிர்த்துப் பேசிக்கொண்டே, உள்ளே அவர்கள் நினைத்ததையே நானும் நினைத்திருக்கிறேன். நீ தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்னும் என்னோடு இருப்பது இதுதான்.

திதி அன்று கூடம் நிறைய ஆட்கள். அண்ணன் இப்போது குவைத்தை விட்டு வந்துவிட்டான். உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். யாரோ உன் காரைப் பற்றிக் கேட்டார்கள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். "புது வண்டி. ஏழு வாரத்துல கிளட்ச்ச துன்னுட்டா…"

"துன்னல" என்றேன். "அண்ணா, அவ துன்னல. ஆயில் சீல் போயிருந்துச்சு. நான் கண்ணால பாத்தேன். அரை கிளட்ச்சுன்னு மொதல்ல சொன்னது நான்தான். கையெழுத்தும் நான்தான் போட்டேன். படிச்சிட்டுத்தான் போட்டேன்."

நைனா என்னைப் பார்த்தார்.

"இத்தினி வருசமா ஏன் சொல்லல?" என்றான் அண்ணன்.

சமையல் முடிந்தது, இலை போடலாமா என்று உள்ளிருந்து கேட்டார்கள். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, நீ மலைக்கு ஓட்டிய கதையை முதலிலிருந்து கடைசிவரை எல்லோருக்கும் சொன்னேன்.