கனி கேட்டவள் நான்தான்

ஞாயிறு, இரவு

காலை ஆராதனையில் தங்கை ரூபி சாட்சி சொல்ல எழுந்தாள். நாங்கள் வேலை பார்க்கும் நைட்டி கம்பெனியில் முன்பு ஒரு துணிக்கட்டு காணாமல் போனது. கூட வேலை பார்த்த மாரியம்மாள் எடுத்ததைப் பார்த்ததாகப் பொய் சொல்லி அவள் வேலையைப் பறித்தேன் என்று அழுதாள். சபையே அழுதது. போதகரின் மனைவி ஐயரம்மா அவளைக் கட்டிக்கொண்டு, அடுத்த வாரம் நீதான் வேதபாடம் வாசிக்க வேண்டும் என்றார்கள். பதினெட்டு வருஷமாகப் பீடத்துக்குப் பூ வைக்கிறேன். என்னை ஒருநாளும் வாசிக்கச் சொன்னதில்லை.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு வரை பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"ஏட்டி, அழுகை யாருக்குத்தான் வராது? மனந்திரும்புனதுக்குச் செயல்ல காட்டுற கனி எங்க?"

அவள் வீட்டுக்கு வராமல், மாரியம்மாளைத் தேடி மம்சாபுரத்துக்கு பஸ் ஏறிவிட்டாள்.

பொழுது சாய்ந்துதான் திரும்பினாள். முகம் வீங்கியிருந்தது.

"வாசல்லயே நிக்க வச்சு ஏசுனாவக்கா. அம்புட்டையும் கேட்டுக்கிட்டேன். நாளைக்குக் கம்பெனியில எல்லார் முன்னாலயும் உண்மையைச் சொல்லப் போறேன்."

பாயை விரித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "உம்பேரை எங்கயும் சொல்லலக்கா."

துணிக்கட்டு காணாமல் போன அன்று மேனேஜர் கேட்டபோது, "ஆமா சார், நானும் பார்த்தேன்" என்று அவள் பக்கத்தில் நின்று சொன்னவள் நான்.

இப்போது அடுத்த பாயில் குறட்டை விடுகிறாள். வேதபாடத்தை அவளே வாசிக்கட்டும். இந்தத் தூக்கத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.