கோட்டு விசிலுக்கு உட்கார்ந்த நானூறு பேர்

அனுப்புநர்:
முனைவர் அ. இசபெல்லா,
இணைப் பேராசிரியர் (புள்ளியியல்),
செயலாளர், விண்மீன் கால்பந்துக் கழகம்,
அம்மாபேட்டை, சேலம்.

பெறுநர்:
மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
நாமக்கல் மாவட்டம்.

பொருள்: 08.02.2026 அன்று ராசிபுரத்துக்கு வெளியே நடந்த மெல்லிசை நிகழ்ச்சியில் நெரிசலைத் தடுத்த செல்வி ம. தனப்பிரியா, முதல் எதிரியாக (குற்றம் சாட்டப்பட்டவராக) வழக்கில் சேர்க்கப்பட்டிருப்பது – பெயரை நீக்கக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

ஓடி வரும் கூட்டத்துக்கு முன்னால், ஒரு விசில் சத்தத்துக்கு, ஊதியது யார் என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் நானூறு பேர் எப்படி ஒரே நேரத்தில் தரையில் உட்கார்ந்தார்கள்? இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து வருகிறேன். இந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அந்த நானூறு பேரில் நானும் ஒருத்தி. நான் ஏன் உட்கார்ந்தேன் என்பதும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் அது ஏன் குற்றமாகாது என்பதை விளக்க முடியும். அதற்காகவே இந்த மனு.

1. தனப்பிரியா எனக்கு உறவினர் அல்லர்; என் மாணவியும் அல்லர். எங்கள் கழகத்தின் நெடுநாள் போட்டியாளரான ராசிபுரம் காளையர் அணியைச் சேர்ந்தவர். ராசிபுரம் அருகே விவசாயம் செய்யும் திரு. மயில்சாமியின் மகள். வயது இருபத்து மூன்று. இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கான எழுத்துத் தேர்விலும் உடல்திறன் தேர்விலும் வென்று, நன்னடத்தைச் சரிபார்ப்புக்காகக் காத்திருப்பவர். அந்தச் சரிபார்ப்பு முடிய வேண்டிய நாள் 23.02.2026. அன்றைக்குள் வழக்கிலிருந்து பெயர் நீங்காவிட்டால் அவருக்கு அந்தப் பணி இல்லை.

2. காளையர் அணிக்காக நான் மனு எழுதுவேன் என்று பத்து நாள்களுக்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். எங்கள் கழகத்திலும் சிலர் இன்னும் நம்பவில்லை.

3. எங்கள் வட்டாரத்து எழுவர் கால்பந்தில் உள்ள ஒரு வழக்கத்தைத் தாங்கள் அறிந்தால்தான் நடந்தது புரியும். எங்கள் மைதானங்களுக்கு வேலி கிடையாது. ஆட்டம் சூடேறினால் பார்வையாளர்கள் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிடுவார்கள். ஆகவே ஒவ்வோர் அணியும் ஒரு கோட்டுக் காவலரை நிறுத்துகிறது. அவர் இரண்டு முறை குட்டையாகவும் ஒரு முறை நீளமாகவும் விசில் ஊதினால், இரு பக்கத்துப் பார்வையாளர்களும் நின்ற இடத்திலேயே கை கோத்து உட்கார வேண்டும். எந்தப் பக்கம் கடைசிவரை நின்றுகொண்டிருக்கிறதோ, அதன் எதிரணிக்கு ஒரு ஃப்ரீகிக். ஐயா, இந்த விதியால் எத்தனையோ கோல்கள் விழுந்திருக்கின்றன. ஆகவே உட்காருவதிலும் எங்களுக்குள் போட்டி. கூடவே, இரு அணியின் ஆதரவாளர்களும் எங்கே கூடினாலும் நடுவில் பத்தடி இடம் விட்டே நிற்பார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு கைகலப்புக்குப் பிறகு பெரியவர்கள் பேசி வைத்த ஏற்பாடு இது. ராசிபுரத்தின் தனப்பிரியாவே இந்தப் பகுதியின் சிறந்த கோட்டுக் காவலர் என்பதை எங்கள் பக்கம் இதுவரை எழுத்தில் ஒப்புக்கொண்டதில்லை. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

4. எங்கள் இரு அணிகளின் இறுதி ஆட்டம் நிகழ்ச்சி நடந்த மைதானத்தில் அதே 08.02.2026 மாலை நடக்கவேண்டியிருந்தது. மெல்லிசை நிகழ்ச்சிக்கு மைதானம் கொடுக்கப்பட்டதால் ஆட்டம் மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போனது. வருத்தம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் இரு பக்கத்தாரும் பாட்டுக் கேட்க வந்தார்கள். மேடைக்கு முன்னால் நாற்காலிகள், அவற்றைச் சுற்றிச் சவுக்குக் கம்பு வேலி, அதற்குப் பின்னால் நிற்கும் கூட்டம். நடுப்பகுதியில் இடப்புறம் நாங்கள், வலப்புறம் அவர்கள், இடையில் வழக்கமான பத்தடி. நிகழ்ச்சி நிறுவனம் வந்தவர்கள் ஐயாயிரம் என்கிறது. என் மதிப்பீடு மூவாயிரத்து ஐந்நூறு.

5. எங்கள் நடத்தையில் குறை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே இரு பக்கமும் கத்தின. எங்கள் பக்கம், "உங்க கோல்கீப்பர் கையில ராசிபுரம் நெய்யைத் தடவியிருக்காங்களா, பந்து நிக்கவே மாட்டேங்குது?" என்று கேட்டது. அவர்கள் பக்கம், "தறி ஓட்டற ஊருங்களே, உங்க கோல் வலையில மட்டும் ஏனுங்க இத்தனை ஓட்டை?" என்று திருப்பிக் கேட்டது. பாடகி எல்லோரையும் கைதட்டச் சொன்னபோது அவர்கள் முதலில் தட்டிவிட்டார்கள் என்பதற்காகவே எங்களில் பாதிப்பேர் தட்டவில்லை. பாடகியிடம் இதற்காக மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆனால் இதில் எதுவும் குற்ற வழக்குக்கு உரியதல்ல.

6. மாலை 7.20 மணியளவில், முன்வரிசை நாற்காலிகள் காலியாக இருப்பதால் பின்னால் நிற்பவர்கள் முன்னே வரலாம் என்று நிகழ்ச்சி நிறுவனத்தார் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வேலியைத் திறந்துவிடாமலேயே அறிவித்தார்கள். பக்கவாட்டில் ஓடிவந்த முதல் அலை எங்களைச் சுற்றிக்கொண்டு போய் வேலியில் மோதியது. பதினொரு பேர் அங்கே கீழே விழுந்தார்கள். அவர்களில் திருமதி வசந்தாமணி என்பவர் நான்கு வயதுக் குழந்தையோடு விழுந்தார். பின்னாலிருந்து இரண்டாவது, இன்னும் பெரிய கூட்டம் நேராக எங்களை நோக்கி ஓடி வந்தது.

7. அப்போது விசில் கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நீளம்.

8. மதியம் ஒரு பள்ளி ஆட்டத்துக்குக் கோட்டுக் காவலராக நின்றுவிட்டு நேராக வந்திருந்ததால் தனப்பிரியாவின் கழுத்தில் விசில் இருந்தது. ஊதியவுடன் அவர்கள் பக்கம் உட்கார்ந்தது. ராசிபுரத்தில் உணவகம் நடத்தும் அறுபது வயது சௌந்திரம் அம்மாள், தாம் எங்கே இருக்கிறோம் என்பதையே மறந்தவராக, "உக்காருங்க சாமி, உக்காருங்க! இன்னும் எவன்டா அங்க நிக்கறது? அவிங்களுக்கு ஃப்ரீகிக் போயிரும்டா!" என்று கத்தியது எனக்குத் தெளிவாகக் கேட்டது. எங்கள் அணித்தலைவர் ஆரோன் உடனே, "டேய், அவங்க உக்காந்துட்டாங்கடா! நாம நின்னா மானம் போச்சு, உக்காரு!" என்றார். தூசி அடங்கத் தண்ணீர் தெளித்திருந்த ஈரத் தரையில் நானும் உட்கார்ந்தேன். பந்தும் இல்லை, கோடும் இல்லை, ஆட்டமும் இல்லை என்பது உட்கார்ந்த பிறகுதான் எங்களில் பலருக்கு உறைத்தது.

9. நெரிசலுக்குள் சிக்கியவர் உட்காருவது ஆபத்து என்பதை அறிவேன். யாருக்கும் அதை யோசனையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் விசில் ஊதப்பட்ட நொடியில் பின்னால் வந்த கூட்டம் எங்களிடமிருந்து ஏறத்தாழ இருபதடி தூரத்தில் இருந்தது. எதிரே நானூறு பேர் கை கோத்து உட்கார்ந்திருப்பதைக் கண்டு முன்னால் ஓடி வந்தவர்கள் நின்றார்கள். அவர்கள் நின்றதால் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். வேலியோரம் விழுந்தவர்கள்மேல் இரண்டாவது அலை போய்ச் சேரவே இல்லை. எங்களுக்கும் ராசிபுரத்தாருக்கும் நடுவே யாரும் கால் வைக்காத அந்தப் பத்தடி அப்படியே இருந்தது. தனப்பிரியா அதன் வழியே வேலியை நோக்கி ஓடினார். விழுந்த பதினொரு பேரையும் இரு அணியினரும் அதே வழியில் சாலைக்குத் தூக்கி வந்தார்கள். வசந்தாமணிக்கு மணிக்கட்டில் எலும்பு முறிவு. குழந்தைக்குக் கீறல்கூட இல்லை. உயிர்ச்சேதம் எதுவும் இல்லை.

10. மறுநாள் நிகழ்ச்சி நிறுவனம் அளித்த புகாரில், மைதானம் கிடைக்காத ஆத்திரத்தில் இரு கால்பந்துக் கும்பல்கள் முன்கூட்டியே திட்டமிட்டு, தனப்பிரியா கொடுத்த சைகையின்படி தரையில் அமர்ந்து மறியல் செய்து, நிகழ்ச்சியைக் குலைத்ததாகக் கூறப்பட்டிருக்கிறது. ஆதாரமாக இருபத்திரண்டு நொடி காணொளி ஒன்று தரப்பட்டுள்ளது. அதில் விசில் இருக்கிறது, உட்காருவது இருக்கிறது. அதற்கு முந்தைய அறிவிப்பும் இல்லை, பிந்தைய மீட்பும் இல்லை. முதல் எதிரி தனப்பிரியா. அடுத்து "மற்றும் பெயர் தெரியாத பலர்". என் பெயர் தங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது. தேவையானால் என்னையும் சேர்த்துக்கொள்ளலாம்.

11. ஒருநாளும் சேர்ந்து நிற்காத இரண்டு கூட்டத்தார் கூடித் திட்டமிட்டார்கள் என்று புகார் சொல்கிறது. ஐயா, கோப்பையை எந்த ஊர்க் கடையில் வாங்குவது என்பதிலேயே இந்த இரு கழகங்களும் ஆறு ஆண்டுகளாக ஒத்துவரவில்லை. அந்தக் கடிதப் போக்குவரத்து முழுவதும் என் கோப்பில் இருக்கிறது. கேட்டால் தருகிறேன்.

12. எதையும் எளிதில் நம்பாதவள் நான். கால்பந்து ஆதரவாளர்களைப் பற்றி எனக்கு உயர்ந்த எண்ணம் இருந்ததில்லை. என் தம்பி வற்புறுத்தியதால்தான், கடிதம் எழுத ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகத்தான், செயலாளர் பொறுப்பையே ஏற்றேன். அப்படிப்பட்ட நான் இதை எழுதுகிறேன்: அன்று மாலை எங்கள் மக்களையும் அவர்கள் மக்களையும் நினைத்துப் பெருமைப்பட்டேன். இன்றும் பெருமைப்படுகிறேன். மைதானத்தில் ஒருவரை ஒருவர் தோற்கடிக்கப் பழகிய ஒழுங்கு, வேண்டிய நேரத்தில் முன்பின் அறியாதவர்களைக் காத்தது. மூவாயிரத்து ஐந்நூறு பேர் இருந்த இடத்தில் என்ன செய்யவேண்டும் என்று உடனே புரிந்துகொண்டவர் ஒருவர்தான். அவர் தங்கள் துறையில் சேரக் காத்திருக்கிறார். அவரைத் தேர்ந்தெடுத்த தங்கள் துறையின் கணிப்பு சரிதான் என்பதற்கு இதைவிடச் சான்று கிடைப்பது அரிது.

13. ஆகவே தங்களிடம் வேண்டுவது:

இருபத்திரண்டு நொடித் துண்டை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், ஒலிபெருக்கி அமைத்த திரு. வேல்முருகனின் கேமராவில் பதிவான பதினான்கு நிமிடக் காணொளியை முழுமையாகப் பார்க்க வேண்டும். வசந்தாமணியிடமும் சௌந்திரம் அம்மாளிடமும் நேரில் விசாரிக்க வேண்டும். தனப்பிரியாவின் பெயரை எதிரிகள் பட்டியலிலிருந்து நீக்கி, 23.02.2026-க்குள் அவருடைய நன்னடத்தைச் சரிபார்ப்பு முடிய ஆணையிட வேண்டும்.

அவருக்குப் பாராட்டுச் சான்றிதழோ பரிசோ நான் கேட்கவில்லை. செய்யாத குற்றம் அவர் பெயரில் இருக்கக் கூடாது, அவ்வளவே. காலம் குறைவு என்பதைக் கருதி விரைவில் முடிவெடுப்பீர்கள் என்ற எதிர்பார்ப்புடன் இம்மனுவை நேரில் சமர்ப்பிக்கிறேன்.

இடம்: நாமக்கல்
நாள்: 18.02.2026

இவண்,
(ஒப்பம்) அ. இசபெல்லா

இணைப்பு: 1. பதினான்கு நிமிடக் காணொளி அடங்கிய பென்டிரைவ். 2. திருமதி வசந்தாமணியின் கடிதமும் மருத்துவமனைச் சீட்டின் நகலும். 3. விண்மீன் கழகத்தார் நூற்று எண்பத்தாறு பேர் கையெழுத்திட்ட உறுதிமொழி.

(என்னிடமுள்ள நகலின் பின்பக்கத்தில், 19.02.2026 அன்று எழுதியது)

இன்று காலை 10.40-க்குத் துணைக் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டோம். தனப்பிரியா, அவருடைய தந்தை மயில்சாமி, நிகழ்ச்சி நிறுவனத்தின் மேலாளர், நான். துணைக் கண்காணிப்பாளர் பதினான்கு நிமிடக் காணொளியை இரண்டு முறை பார்த்தார். அறிவிப்பு வரும் இடத்தில் நிறுத்தி மேலாளரைப் பார்த்தார். மேலாளர், பெயரை நீக்குவதில் தமக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக்கொடுத்தார்.

பிறகு தனப்பிரியாவின் வாக்குமூலத்தைத் துணைக் கண்காணிப்பாளரே எழுதினார். வழக்கை எளிதாக முடிக்கும் நல்லெண்ணத்தில், "பதற்றத்தில் தற்செயலாக விசில் ஊதிவிட்டேன்" என்று எழுதி, கையெழுத்திடச் சொன்னார். மயில்சாமி நிம்மதியாக மூச்சு விட்டு, "போட்டுரு சாமி" என்றார். தனப்பிரியா தாளை முழுதாகப் படித்துவிட்டுத் திருப்பி வைத்தார்.

"தற்செயலான்னு எழுதியிருக்குதுங்க சார். தற்செயலா ஊதலீங்க. தெரிஞ்சுதான் ஊதுனேன்."

விட்டுவிடும்படி நான் சைகை செய்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"தெரிஞ்சேன்னு எழுதுனா, திட்டம் போட்டுச் செஞ்சேன்னு நாளைக்கு எவனாவது கேப்பாம்மா. வேலை விஷயம். யோசிச்சுக்கோ" என்றார் துணைக் கண்காணிப்பாளர்.

"யோசிச்சுட்டனுங்க. அப்படியே எழுதுங்க."

துணைக் கண்காணிப்பாளர் தாளைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு "தற்செயலாக" என்பதை அடித்துவிட்டு, "கூட்டத்தை நிறுத்தும் நோக்கத்துடன், அறிந்தே" என்று மேலே எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டார். தனப்பிரியா மறுபடி முதலிலிருந்து படித்தார். கையெழுத்திட்டார். அவர் பெயர் எதிரிகள் பட்டியலிலிருந்து சாட்சிகள் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. சரிபார்ப்புப் படிவம் மதியம் 1.15-க்குக் கையெழுத்தாகி அனுப்பப்பட்டது.