கம்பளியும் செள்ளும்

அன்புள்ள ஜீவராணிக்கு,

நான் நல்ல சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமா? உன் வாய் சுகமா இருக்கிறது போன்லயே தெரிஞ்சுச்சு.

இங்க வத்தளையில குருவி விக்கிற கடைக்குத் தீனியா நான் வளர்க்கிற புழுவுல செள்ளுப் பூச்சி வந்துடுச்சு. தப்பு என் மேலதான். அங்க தோட்டத்து நர்சரியில தேயிலைக் கன்னுக்குத் தெளிச்ச பழக்கத்துல, புழுப் பெட்டித் தவிட்டுக்கும் காலையும் மாலையும் தண்ணி தெளிச்சேன். ஈரத்துல செள்ளு மாவு கொட்டின மாதிரி மொய்ச்சிருச்சு. பயப்படாத, வேலை போகல. ஈரத் தவிட்டைக் கொட்டிட்டு, புழுவை ஒண்ணொண்ணாப் பொறுக்கிக் காஞ்ச தவிட்டுல விட்டுட்டேன்.

"பார்க்க ஆள் இல்லாத பெட்டியிலதான் செள்ளு குடியேறும்"னு முதலாளி சொன்னாரு. எனக்கு உடனே பக்கத்துக் காம்பரா வீட்டுத் தங்கவேலு ஞாபகம் வந்துச்சு. நம்ம கூரை ஒழுகலை அடைச்சுக் குடுத்தானாம், தங்கமான மனுசனாம், மூணு தரம் சொல்லிட்ட. இருபது வருசமா அடைக்கிறேன், அடைக்கிறேன்னு நான் சொல்லிக்கிட்டுத்தானே இருந்தேன்? அவனுக்கு என்ன அவசரம்? குளிருதுன்னான்னு என் கம்பளியை வேற குடுத்திருக்க!

முதலாளி கூப்பிடுறாரு. அந்தக் கம்பளியைத் திருப்பி வாங்கி, நல்லாத் துவைச்சு, நீ ரெண்டு நாள் போத்திக்கிட்டு, இங்க வர்ற அப்புத்தளை பஸ்ல குடுத்து அனுப்பு. இங்க வேர்த்துக் கொட்டுது. இருந்தாலும் அனுப்பு.

உன் புருஷன்
மாணிக்கம்