மாமா கொண்டு வந்த வெல்லம் போதவில்லை

சின்னம்மா,

மருமகள் தலைக்குத் தேய்க்க விளக்கெண்ணெய் வாங்கி வந்திருக்கிறாள். இன்று காலை கூடத்தில் வைத்து மூடியைத் திறந்தாள். அடுப்படியில் இருந்த நான் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் நின்றுவிட்டேன். "என்னங்கத்தை, வாசம் ஒத்துக்கலீங்களா?" என்று பின்னாலேயே ஓடி வந்தாள். எழுபதைத் தாண்டிய கிழவி ஒருத்தி ஒரு பாட்டில் எண்ணெய்க்குப் பயந்து ஓடுவாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் இருந்திருந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்திருப்பீர்கள். கூடச் சேர்ந்து சிரிக்க நீங்கள் இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என்னைப் பெற்றவள் போன பிறகு அப்பா உங்களைக் கட்டிக்கொண்டு வந்தபோது எனக்கு ஆறு வயதிருக்கும். ஐம்பதுகளின் கடைசி அது. நாமக்கல்லுக்குப் பக்கத்தில் கடலை விதைக்கிற காட்டுக்குள் நம் வீடு, ஒரு கிணறு, இரண்டு எருமை. வந்த அன்று நீங்கள் வீட்டையும் பார்க்கவில்லை, கிணற்றையும் பார்க்கவில்லை. என் காலைத்தான் பார்த்தீர்கள். "ஏஞ்சாமி, காலு உன்னுது, செரி. இந்த முட்டி ரெண்டும் யாருகிட்ட இருந்து வாங்கியாந்தே?" என்று கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா போனபின் நான் சிரித்தது அன்றுதான் என்று அப்பா பிற்பாடு சொன்னார்.

அப்பா வழியில் எல்லோருமே ஒடிசல். அப்பாவின் சட்டை, கொடியில் காய்ந்தாலும் அவர் மேல் கிடந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் அது யார் கண்ணுக்கும் படவில்லை. பெண்பிள்ளை எலும்பும் தோலுமாக இருக்கிறது, வீட்டில் இருப்பவளோ சின்னம்மா. ஊருக்கு வேறு காரணம் எதற்கு? நீங்கள் வருவதற்கு முன்பும் நான் இப்படியேதான் இருந்தேன் என்பதைச் சொல்ல ஒரு நாக்கும் புரளவில்லை. அப்பா நாக்கு உட்பட. அவர் நல்லவர்தான், ஆனால் ஊர்வாய் திறந்தால் அவர் வாய் மூடிக்கொள்ளும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை.

என் மாமா, பெற்ற அம்மாவின் அண்ணன், சேந்தமங்கலம் பக்கத்துக்காரர். கரும்பு போட்டு வெல்லம் காய்ச்சுபவர். தங்கை போனதிலிருந்து நம் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார். வருவார், வாசலிலேயே நிற்பார், என் கக்கத்தில் கையைக் கொடுத்து மேலே தூக்குவார். தூக்கிய கையாலேயே எடை சொல்லிவிடுகிற ஆள் அவர். இறக்கி விட்டுவிட்டு உங்களைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்து, "போன தடவைக்கு இப்ப இன்னும் லேசா இருக்குதுங்க மாப்ளே" என்பார்.

எனக்கு அம்மை போட்டிருந்த வருசம், பிள்ளை பிழைத்தால் எடைக்கு எடை வெல்லம் போடுகிறேன் என்று மாரியம்மனுக்கு அவர் வேண்டியிருந்தார். அந்த வேண்டுதலை வைத்தே உங்களுக்குக் கோயில் திருவிழா வரைக்கும் கெடு வைத்தார். "வர்ற மாரியம்மன் நோம்பிக்குத் தராசுல ஏத்தறேன். நாலு பேரு பாக்கட்டும். அப்பவும் புள்ள இதே மாதிரி சக்கையா இருந்தா, அப்படியே எங்கூட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருவேன். யாரும் குறுக்க வரப்படாது." அப்பா மண்ணைப் பார்த்தார். நான் உங்கள் சேலைக்குப் பின்னால் போய் நின்றேன்.

மாமா கெட்டவர் இல்லை சின்னம்மா. அவர் வீட்டில் சோற்றுக்கும் பாசத்துக்கும் குறைவில்லை. ஆனால் அங்கே நீங்கள் இல்லையே. எனக்கு ஒரு அம்மா ஏற்கனவே போயிருந்தாள். இன்னொருத்தியையும் விட்டுவிட்டுப் போக முடியாது என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

பயத்தில் நீங்கள் முதலில் செய்தது எல்லாம் தலைகீழ். ராகிக் களியை மலையாகக் குவித்து வைத்தீர்கள். அந்தக் குவியலைப் பார்த்ததுமே எனக்கு வயிறு நிறைந்துவிடும். கெஞ்சி, மிரட்டி, கதை சொல்லி உள்ளே தள்ளினீர்கள். ஒருநாள் எதிர்வீட்டுப் பெரியம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தனையையும் வாசலில் கக்கி வைத்தேன். "என்னத்தக் கலந்து குடுத்தாளோ" என்று அந்தம்மாள் உங்கள் காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு நீங்கள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதீர்கள். நான் உங்கள் முதுகில் சாய்ந்துகொண்டு, "நாளைக்கு நல்லாத் திங்கறேனுங்க" என்றேன். அதைக் கேட்டு இன்னும் அழுதீர்கள்.

இத்தனைக்கும் மேலே அந்த விளக்கெண்ணெய். பிள்ளை இளைத்திருந்தால் வயிற்றில் பூச்சி, பூச்சிக்குப் பேதி எண்ணெய், நம் பக்கத்தில் அதற்கு மறுபேச்சே கிடையாது. மற்றவர்கள் வீட்டில் மாதம் ஒருமுறை ஊற்றுவார்கள். பெறாத பிள்ளைதானே என்று அக்கறையில்லாமல் விட்டுவிட்டாள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதென்று, நீங்கள் வாராவாரம் ஊற்றினீர்கள். மூக்கைப் பிடித்து, சங்கில் வார்த்து, பின்னாலேயே கொஞ்சம் கருப்பட்டி. கஷ்டப்பட்டு நான் தின்றதெல்லாம் மறுநாள் பேதியாகிக் கரட்டு ஓரம் போய்விடும். இளைத்தால் எண்ணெய், எண்ணெயால் மறுபடி இளைப்பு. இந்தச் சுற்று உங்களுக்கும் தெரியவில்லை, ஊருக்கும் தெரியவில்லை.

கடைசியில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நாமக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். அங்கே இருந்த டாக்டரம்மா என் கண்ணை இழுத்துப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, வேறு என்னென்னவோ சோதித்துவிட்டு, "சீக்கு ஒண்ணுமில்லீங்க. இது உடம்பு வாகு. வயிறு சின்னது, கொஞ்சங் கொஞ்சமா அடிக்கடி குடுங்க" என்றார். பிறகு, "வேற என்ன மருந்து குடுக்கறீங்க?" என்று கேட்டார். நீங்கள் பெருமையோடு வாராவாரம் எண்ணெய் என்றீர்கள். அந்த அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "ஓட்டைப் பானையில தண்ணி ஊத்திட்டு இருக்கறீங்களே தாயி!"

வீட்டுக்கு வந்ததும் எண்ணெய்ப் புட்டியை எடுத்து மாடத்து விளக்கில் கவிழ்த்தீர்கள். "ஆத்தாளுக்கு எரியட்டும். எம்புள்ள வவுத்துல இனி ஒரு சொட்டு எறங்காது." அன்றுதான் நீங்கள் என்னை முதல்முறையாக எம்புள்ள என்றீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்கும் ஊர் பேசியது. எண்ணெய் ஊற்றக்கூடச் சோம்பல் என்றது. எதிர்வீட்டுப் பெரியம்மா நேரிலேயே வந்து கேட்டாள். நீங்கள் அரிவாள்மனையில் இருந்து நிமிரவே இல்லை. "எண்ணெய நீங்க குடிங்க பெரீம்மா. புள்ளைக்கு நான் நெய்யி ஊத்திக்கறேனுங்க." அந்தம்மாள் அதற்குப்பின் ஒரு மாதம் நம் வாசல் மிதிக்கவில்லை. வீடு எவ்வளவு நிம்மதியாக இருந்தது!

அதன்பிறகு நீங்கள் சமைத்த விதமே மாறிப்போனது. களி வட்டில் போய்ச் சின்னக் கிண்ணம் வந்தது. விடிந்ததும் கொஞ்சம் எருமைப்பால், பள்ளிக்கூடம் போகும் முன் ராகிக் கூழில் தயிர், திரும்பி வந்ததும் வெல்லம் போட்டு இடித்த எள்ளுருண்டை, அந்திக்கு நாட்டுக்கோழி முட்டை, ராத்திரி பச்சைப்பயறு கடைந்து நெய் விட்ட சோறு. ஒரு கிண்ணம் காலியானால் ஒன்றும் சொல்லாமல் கழுவி வைத்துவிடுவீர்கள். பாதி மிச்சம் வைத்தாலும் ஒன்றும் சொல்லமாட்டீர்கள். "இன்னொரு வாய்" என்ற பேச்சையே வீட்டில் ஒழித்தீர்கள். யாரும் துரத்தாததால் எனக்கு ஓட வேண்டியிருக்கவில்லை. சாப்பாட்டுப் பக்கம் மெல்ல நானாகத் திரும்பினேன்.

விதைக்குக் கடலைக்காய் உரிக்கப் பெண்கள் கூடுவார்களே, அந்தக் கூட்டத்தில் என்னையும் உட்கார வைத்தீர்கள். அங்கே பேச்சும் சிரிப்புமாகக் கை பாட்டுக்குக் கை, வாய் பாட்டுக்கு வாய். நான் உரித்ததில் முறத்துக்குப் போனதைவிட வயிற்றுக்குப் போனதுதான் அதிகம். "இப்படித் தின்னா காட்டுல எதப் போட்டு வெதைக்கறது?" என்று அப்பா கேட்டார். "வெதச்சுட்டுத்தானுங்க இருக்குது. புள்ளைக்குள்ள வெதைக்குது" என்றீர்கள். சாயங்காலம் கிணற்றில் மிதக்கச் சுரைக்குடுக்கையை இடுப்பில் கட்டி இறக்கி விட்டீர்கள். நீந்தி ஏறினால் பசி எப்படிப் பிடுங்கும்! பசி என்றால் என்ன என்று அந்தக் கிணற்றில்தான் நான் தெரிந்துகொண்டேன். தலையைத் துவட்டாமலே அடுப்படிக்கு ஓடி வந்து, "சின்னம்மா, சோறு" என்று நான் கத்திய அன்று, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

நோம்பி வந்தது. கோயிலுக்கு முன்னால் புளியமரத்தில் தராசு கட்டினார்கள். மாமா வண்டியில் வெல்லம் கொண்டு வந்திருந்தார். என்னைத் தூக்கிப் பார்க்கவே இல்லை. பழைய எடைதான் அவர் கைக்குத் தெரியுமே, அதற்கு மேல் சாமிக்கென்று கொஞ்சம் சேர்த்து எடுத்து வந்திருந்தார். நான் ஒரு தட்டில் ஏறிக் காலை மடக்கி உட்கார்ந்தேன். நீங்கள் கூட்டத்தின் கடைசியில், உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றீர்கள். அவ்வளவு தூரத்திலும் எனக்கு நீங்கள் தெரிந்தீர்கள்.

மாமா வெல்லத்தை அடுக்கினார். என் தட்டு தரையை விட்டு நகரவில்லை. இன்னும் அடுக்கினார். நகரவில்லை. சாக்கை உதறிக் கடைசி உருண்டையையும் வைத்தார். நான் தரையிலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தில் கசமுசா. எதிர்வீட்டுப் பெரியம்மா விடுவாளா? "மடியில கல்லு கட்டி உட்டிருப்பாளுங்க. பாருங்க, பாவாடை உப்பிக்கிட்டு இருக்குது!" என்று முன்னால் பாய்ந்து வந்து என்னை எழுப்பிப் பாவாடையை உதறினாள். பொலபொலவென்று கொட்டியது. அத்தனையும் உரித்த நிலக்கடலைப் பருப்பு, நோம்பியில் பசித்தால் தின்ன நீங்கள் கட்டிவிட்டது. ஒரு கைப்பிடி. கூட்டமே சிரித்தது. கொட்டியதைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டு மறுபடி தட்டில் ஏறினேன். அப்போதும் தட்டு தரையில்தான் கிடந்தது.

மாமா துண்டைத் தோளில் இருந்து எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இன்னுங் கொஞ்சம் வெல்லம் வாங்கியாரேன்" என்று நோம்பிக் கடைப் பக்கம் போனார். எந்த ஊர் வெல்லத்திலும் ஒரு குறை சொல்லுகிற மனுசன், அன்றைக்குக் கடைக்காரன் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஓடி வந்தார். அதை வைத்த பிறகுதான் நான் ஆடி ஆடி மேலே எழும்பினேன். அவ்வளவு உயரத்தில் இருந்து நான் உலகத்தைப் பார்த்ததே இல்லை. நீங்கள் வாய்விட்டு அழுதுகொண்டிருந்தீர்கள். நான் உங்களைப் பார்த்துக் கையை ஆட்டினேன்.

மாமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக உங்களிடம் வந்தார். அதுவரை உங்கள் முகத்தைப் பார்த்து அவர் பேசியதே இல்லை. "தங்கச்சி, ஊட்டுக்குப் போலாம். பசிக்குது, சோறு போடு" என்றார். அன்றைக்கு நம் வீட்டில் அவர் சாப்பிட்டார். நீங்கள் வைத்துக்கொண்டே இருந்தீர்கள், அவர் "போதுந் தங்கச்சி, போதுந் தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என்னிடம் கற்றுக்கொண்ட பாடத்தையெல்லாம் அவர் இலையில் மறந்துவிட்டீர்கள். அடுத்த பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சேலை அவர் கையால் உங்களுக்கு வந்தது.

நான் குண்டாகவில்லை சின்னம்மா. அது என் வாகு இல்லை. ஆனால் மூன்று பிள்ளைகளைப் பெற்று, காடு வெட்டி, கிணற்றுத் தண்ணீர் சுமந்து, இந்த வயதிலும் கைத்தடி இல்லாமல் நடக்கிறேன். டாக்டர் எலும்பைத் தட்டிப் பார்த்து, "சின்ன வயசுல நல்லாச் சாப்பிட்டிருக்கீங்க" என்கிறார். எனக்கு மார்பு விம்மிவிடுகிறது.

யாராவது என் அம்மா பெயரைக் கேட்டால் இரண்டு பெயர் சொல்கிறேன். பெற்றவள் பெயரைத்தான் முதலில் சொல்ல வேண்டும், மறந்தே போகக் கூடாது என்று சொன்னவர் நீங்கள். அப்படியே சொல்லி வருகிறேன். இரண்டாவது பெயரைச் சொல்லும்போது மட்டும், என்ன செய்தும், குரல் கொஞ்சம் ஓங்கிவிடுகிறது.