பந்து ஐஸ் காற்றுமானி

ஜூலை 20, ஞாயிறு

துணி காயப்போட மாடிக்குப் போனால், பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் ஒருத்தி முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். நகைக்கடையின் ஃப்ளெக்ஸ் விளம்பரப் பலகை. தங்கப்பழம் அண்ணாச்சி ராத்திரியோடு ராத்திரியாக இரும்புச் சட்டம் அடித்து வாடகைக்கு விட்டுவிட்டார். எங்கள் வீட்டுக்கு மேற்குப் பக்கம். இந்த மாதம் முழுக்கக் காற்று வருகிற பக்கம். விழுந்தால் எங்கள் மாடி ரூமின் தகரக் கூரையில்தான் விழும். அந்த ரூமில் என் மகள் ரிஸானாவும், பிறந்து ஆறு நாளான பிள்ளையும்.

கீழே கூட்டிவர முடியாது. கீழே நாலு விசைத்தறி ஓடுகிறது. அந்தப் பஞ்சுத்தூசியில் பெரியவர்களுக்கே மூச்சு முட்டும்.

சட்டம் கிரீச் கிரீச் என்கிறது. அந்தப் பல்லைப் பார்க்கவே குமட்டுகிறது.

ஜூலை 21, திங்கள்

கேட்டேன். நல்ல வார்த்தையாகத்தான் கேட்டேன்.

“காத்தடிச்சா அசையத்தான் செய்யும் டீச்சர். அசையலன்னாத்தான் பயப்படணும். அறுவது கிலோமீட்டர் காத்து வரைக்கும் தாங்கும்னு வெல்டிங்காரன் சொல்லிருக்கான்.”

“இங்க அதுக்கு மேல அடிச்சா?”

“அடிக்கின்னு யாரு சொன்னா? அளந்தீகளா?”

சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பினார். எங்கள் சுவர்ப் பக்கமாக.

வீட்டில் இவரிடம் சொன்னேன். தறியை நிறுத்தாமலே பதில்: “விடு ஆபிதா, விடிஞ்சா முகத்துல முழிக்கணும்லா.” இவருக்கு ஊரில் எல்லார் முகமும் முக்கியம். பேரப்பிள்ளை முகத்தைத் தவிர.

ஜூலை 23, புதன்

அளக்கத்தான் போகிறேன். கடையில் விற்கிற காற்றுமானியின் விலையைப் பார்த்துப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பிளாஸ்டிக் பந்துக்குள் அடைத்து விற்கிற பந்து ஐஸ் இரண்டு வாங்கினேன். ஐஸை ரிஸானா பார்க்காமல் நானே தின்றேன் (பிள்ளை பெற்றவளுக்கு ஆகாது என்று எனக்கே சொல்லிக்கொண்டு). பந்தைத் திறந்தால் பாதி பாதியாக நாலு கிண்ணம். இரண்டு சைக்கிள் கம்பியைக் குறுக்காகக் கட்டி, நுனிக்கு ஒன்றாக ஒட்டியாயிற்று. வகுப்பில் பிடுங்கி வைத்திருந்த ஸ்பின்னர் ஒன்றின் நடுவில் இருந்த பேரிங்தான் அச்சு. ஒரு கிண்ணத்துக்கு மட்டும் நெயில் பாலிஷ் சிவப்பு — எண்ணுவதற்கு.

ஊதினால் சுற்றுகிறது! சின்னப் பிள்ளை மாதிரி கொஞ்ச நேரம் ஊதிக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 26, சனி

சுற்றுவதை மட்டும் வைத்து என்ன செய்ய? எத்தனை சுற்றுக்கு எத்தனை வேகம் என்று தெரிய வேண்டும். அதற்கு வண்டிதான் வழி. காற்றே இல்லாத விடியலில் புளியங்குடி ரோட்டில் இவர் ஸ்கூட்டர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து, மானியைக் கம்பில் தூக்கிப் பிடித்தேன். இருபதில் ஒரு தடவை, முப்பதில் ஒரு தடவை, நாற்பதில் ஒரு தடவை. திரும்பி வரும்போதும் அதே மாதிரி. போனில் படம் பிடித்து, மெதுவாக ஓட்டி எண்ணினேன். முப்பதில் போகும்போது பத்து நொடிக்கு முப்பத்தெட்டு சுற்று.

டீக்கடையில் ஒருத்தன் கத்தினான்: “என்ன பாய், டீச்சரு காத்தாடி விடுதாகளா?” இவரும் சேர்ந்து சிரித்தார். இறங்கி நடந்து வந்துவிடலாமா என்று இருந்தது.

ஜூலை 29, செவ்வாய்

மாடியில் மூங்கிலில் கட்டியாயிற்று. சாயங்காலம் சராசரி 19 கி.மீ. திடீரென்று ஒரு வீச்சு வரும்போது 43.

நாற்பத்து மூன்று! இன்னும் ஆடி பாதிகூட முடியவில்லை.

ரிஸானா கேட்கிறாள்: “உம்மா, நீ மாடிக்குப் பிள்ளைய பாக்க வாரியா, காத்தைப் பாக்க வாரியா?”

ஜூலை 30, புதன்

சராசரியையும் வீச்சையும் ஒரு தாளில் எழுதி அண்ணாச்சியிடம் கொடுத்தேன். நகராட்சி ஆபீசிலும் ஒரு மனு கொடுத்தேன். “மேலக்காற்று 43 கி.மீ. வரை வீசுகிறது, மேலும் கூடும், பலகையை அகற்ற வேண்டும்.” சுருக்கமாக, தெளிவாக.

ஆகஸ்ட் 2, சனி

அண்ணாச்சி முதல் பலகைக்கு மேலே இரண்டாவது பலகை ஏற்றுகிறார். விளம்பரக்காரனிடம் என் தாளையே காட்டியிருக்கிறார்! “பத்தொம்பதுதான், டீச்சரே அளந்து குடுத்துட்டாக.”

“நாப்பத்து மூணுன்னு பக்கத்துலயே எழுதிருக்கேனே அண்ணாச்சி?”

“அது எப்பவாச்சும் ஒருக்கா வாரதுல்லா.”

விழுவதும் எப்பவாச்சும் ஒருக்காத்தான்யா விழும்! தினமும் விழுமா? சீ. இந்த மனுஷனோடு பேசியதற்கு வாயைக் கழுவ வேண்டும்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆபீசிலிருந்து போனுக்குப் பதில் வந்தது. இவ்வளவு சீக்கிரம் ஒரு மனுவுக்குப் பதில் வந்து நான் பார்த்ததில்லை. அப்படியே எழுதுகிறேன்:

“மனுதாரர் குறிப்பிடும் மேலக்காற்று வானில் மிக உயரத்தில் வீசுவதாகும். மாடிக் கட்டடத்தில் உள்ள பலகைக்கு அது பொருந்தாது. மனு முடித்துவைக்கப்பட்டது.”

இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை சத்தமாகப் படித்தேன். இந்த ஊரில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனுக்கு மேல என்றால் மேற்கு என்று தெரியாதா? மேல ரத வீதி என்றால் ஆகாசத்தில் தேர் ஓடுகிற வீதியா?

நேரில் போனேன். புதுசாக மாற்றலாகி வந்த பையன், எந்த ஊரோ. “அப்போ மேற்குன்னு எழுதியிருக்கணும் மேடம், புதுசா ஒரு மனு போடுங்க” என்றான். கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அங்கே அழுததற்காக என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ரிஸானாவின் மாமியார் மகபூப் பீவி கடையநல்லூரிலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்தார். பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் பலகையைப் பார்த்துவிட்டார்.

“இதுக்குக் கீழயா பிள்ளையப் போட்டிருக்கீக சம்மந்தி? நாப்பதாவது மண்ணாவது. ஞாயித்துக்கிழமை கார் கொண்டாரேன்.”

நாற்பது நாள் தாய்வீட்டில் இருக்க வேண்டிய பிள்ளை. பாதியில் அனுப்பிவிட்டு நான் எந்த முகத்தோடு கடையநல்லூர் போவேன்? அவர் சொன்னதில் என்ன தப்பு இருக்கிறது?

இவர் டீ வாங்கி வருவதாகச் சொல்லி நழுவிவிட்டார். வீட்டில் பால் இருக்கிறது, தூள் இருக்கிறது, அடுப்பு இருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

வீச்சு 47. யாரிடம் சொல்ல?

ஆகஸ்ட் 7, வியாழன்

இன்று ஆடித்தபசு. ஊரே கோயிலுக்குத் தபசுக் காட்சி பார்க்கப் போய்விட்டது. அண்ணாச்சியும் குடும்பத்தோடு போய்விட்டார். தெருவில் ஒரு நாய்கூட இல்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். மேலே கிழிக்கிற சத்தம். பிள்ளையை ரிஸானா கையில் கொடுத்துவிட்டு ஓடிப் போய்ப் பார்த்தால், அண்ணாச்சி மாடியில் இவர்! தறியில் பாவு நூல் அறுக்கிற கத்தியோடு சட்டத்தில் ஏறி, மேல் பலகையை முடித்துவிட்டு, இப்போது அந்தப் பல்லுக்காரி முகத்தில் பாதி நிலா பாதி நிலாவாக வெட்டிக்கொண்டிருக்கிறார். ஐம்பத்தெட்டு வயது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

“இறங்குங்க! பைத்தியமா உங்களுக்கு?”

“கத்தாத. காத்து போறதுக்கு வழி விடுதேன்.”

இறங்கி வந்ததும் நான் தண்ணீர் கொடுத்தேன். கத்தியை வாங்கி நானே தறிப் பக்கம் வைத்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

விடிந்து பார்த்தால் வெட்டிய இடமெல்லாம் நீண்டு, இரண்டு பலகையும் கந்தல். பல்லுக்காரியின் பாதி முகம் எங்கள் மாமரத்தில் கிடந்தது. அண்ணாச்சி லுங்கியோடு ஓடி வந்தார். அண்ணாந்து பார்க்கிறார், குனிந்து பார்க்கிறார், எங்கள் வாசலில் நிற்கிற இவரைப் பார்க்கிறார்.

“என்ன பாய், இது காத்து கிழிச்ச மாதிரி இல்லையே? வட்டம் வட்டமால்லா இருக்கு?”

இவர் வாயைத் திறந்தார். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. சொன்னால் காது சிவந்துவிடும்.

“காத்துதான் அண்ணாச்சி” என்றேன். “ராத்திரி அளந்தேன். அறுபத்தெட்டு.”

“அறுபத்தெட்டா!”

“சராசரி இல்ல. வீச்சு.”

அவர் முகம் வெளுத்ததை முதல் தடவையாகப் பார்த்தேன். வெல்டிங்காரன் சொன்ன அறுபது ஞாபகம் வந்திருக்கும். கையோடு அவனைக் கூப்பிட்டு, “ஏலே, சட்டத்தைக் கழத்துலே இன்னைக்கே, என் வீட்டு மேல விழுந்துரும்போல!” என்று கத்தினார்.

என் வீட்டு மேல. கேட்டீர்களா! இத்தனை நாளும் இந்த மனுஷன் பயந்தது யாருக்காகவும் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மகபூப் பீவி காரோடு வந்தார். மாடியில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். வெறும் வானம். “சரி சம்மந்தி, நாப்பது முடியட்டும்” என்று சொல்லி உட்கார்ந்து பிள்ளைக்கு மை வைத்துவிட்டார். ரிஸானா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

தெருவில் எல்லாருக்கும் இப்போது அறுபத்தெட்டு மனப்பாடம். பால்காரர்கூட வாசலில் நிறுத்திக் கேட்கிறார், “இன்னைக்கு எவ்வளவு டீச்சர்?” ஒழுங்காக அளந்து, தாளில் எழுதி, ரோட்டில் மானம் கெட்டு நான் சொன்ன நாற்பத்து மூன்றை ஒருத்தன் மதிக்கவில்லை. வாயில் வந்த பொய்யைக் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். வெறுத்துப்போச்சு. நாளைக்கு எட்டாம் வகுப்பில் அளவீட்டியல் பாடம் வேறு.

சாப்பிடும்போது இவர் மெதுவாகக் கேட்டார்: “அன்னைக்கு ராத்திரி நெசமா எவ்வளவு ஆபிதா?”

“இருபத்தாறு.”

புரை ஏறும் வரைக்கும் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். பிள்ளை முழித்துக்கொண்டது, தூக்கப் போகிறேன்.